ஆறு முறை கூவிய எடை

ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. இன்னமும் காக்ஸ் டவுன் நிறுத்தத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தால் என் கண் சும்மா இருப்பதில்லை. நூற்று முப்பத்தாறு, நூற்று நாற்பத்தொன்று என்று மனசு உயரம் போட்டுக்கொண்டே போகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் செய்த வேலை. மாலை போட்டு, கேக் வெட்டி அனுப்பிவிட்டால் நின்றுவிடுமா என்ன?

நான் செய்த வேலைக்குக் கள ஆய்வாளர் என்று பெயர். பிள்ளைகள் ஒரு நாளில் எவ்வளவு ஓடுகிறார்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தே கிடக்கிறார்கள், அதனால் உடம்பு எப்படி மாறுகிறது என்று பார்க்கும் பொதுச் சுகாதார ஆய்வுகள் பெங்களூரில் நிறைய நடந்தன. அவற்றுக்காக எடை மெஷினையும் உயரம் அளக்கும் பலகையையும் தூக்கிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போனவள் நான். கட்டுரையில் பெயர் வருவது டாக்டர்களுக்கு. அதில் இருக்கும் எண் வருவது எங்களிடமிருந்து. எங்கள் எண் தப்பென்றால் கட்டுரை முழுக்கத் தப்பு. இதைக் கொஞ்சம் கர்வத்தோடுதான் சொல்கிறேன்.

போன மாதம் பழைய ஆபீசுக்குப் போயிருந்தேன். புது மெஷினைக் காட்டினார்கள். பிள்ளை ஏறி நின்றால் எடை நேராக டேப்லெட்டுக்குப் போய்விடுகிறது. மெஷினில் எண்ணே தெரிவதில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் திவ்யா, ஓசூர்ப் பெண், என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உங்க காலத்துல எடையக் கத்தித்தான் சொல்வீங்களாமே அக்கா?"

"ஆமாம்மா, கத்தித்தான் சொல்வோம். தெருமுனை வரைக்கும் கேக்கும்."

அப்புறம் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டாள். டீ ஆறிப்போகும் வரை சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன்.

ஆரம்ப வருஷங்களைச் சுருக்கிவிடலாம். படிப்பு முடித்ததும் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு நாள் களத்துக்குப் போகிறவர் வரவில்லை, என்னை அனுப்பினார்கள். அன்று வெயிலில் அலைந்துவிட்டு வந்தவள் மறுநாள் நாற்காலிக்குத் திரும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தேன். குதிகால் பலகையைத் தொட வேண்டும், பார்வை நேராக இருக்க வேண்டும், இடுப்பை அளக்கும்போது பிள்ளை மூச்சை விட்டபிறகுதான் டேப்பைப் படிக்க வேண்டும். இதெல்லாம் கைக்கு வர ஆறு மாதம் ஆனது.

கைக்கு வந்தபிறகுதான் ஆய்வை நடத்தும் பெரிய மேடத்திடம் வேலைக்குப் போனேன். மைசூர்க்காரர், குழந்தைகள் டாக்டர். என்னிடம் பெங்களூர்த் தமிழில் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் சுத்தமான கன்னடத்துக்குப் போய்விடுவார். கோபம் வருவதும் அபூர்வம். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தார். நாம் எதைச் சொன்னாலும், "நீங்க பார்த்தீங்களா, யாராச்சும் சொன்னாங்களா?" என்பார். யாரோ சொன்னது என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார். போய்ப் பார்த்துவிட்டு வா என்று அர்த்தம். மாரத்தஹள்ளி வரை போய், ஒரு பள்ளியின் விளையாட்டு மைதானம் உண்மையிலேயே கார் நிறுத்துமிடம் ஆகிவிட்டதா என்று பார்த்து வந்திருக்கிறேன். ஆகியிருந்தது.

காலையில் வண்டி கிளம்புவதற்கு முன் இருபது கிலோ எடைக்கல்லை மெஷினில் வைத்துப் பார்க்க வேண்டும். சரியாக இருபது காட்டினால்தான் கிளம்பலாம். பள்ளியில் இறங்கியதும் தரை சமமா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். மேடம் சொல்லாமல் கொள்ளாமல் களத்துக்கு வருவார். நாங்கள் அளந்த பிள்ளைகளில் சிலரைத் தானே மறுபடி அளப்பார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் மிகக் குறைவான வித்தியாசம் என்னுடையதுதான். மாதா மாதம் அப்படித்தான். அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எடையை எழுதுவதற்கும் ஒரு முறை இருந்தது. ஒருவர் மெஷினைப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மேஜையில் இருப்பவர் அதைத் திருப்பிச் சத்தமாகச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். காதில் தப்பாக விழுந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டு முறை எடை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது முறை. சொல்கிறவள் நான். எழுதுகிறவர் மஞ்சுநாத், தும்கூர்க்காரர், தங்கமான மனிதர். அவருக்காக எண்களைக் கன்னடத்தில் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் பாடிப் பழகிய குரல் எனக்கு. பள்ளிக்கூட இரைச்சலையும் கிழித்துக்கொண்டு போகும். "ரெஜினா இருந்தால் மைக் வேண்டாம்" என்று மேடமே ஒருமுறை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இனி அந்தப் பள்ளி. நீலசந்திராவில் இருக்கிறது, பதினைந்து வருஷத்துக்கு முந்திய சமாசாரம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் இடுப்பில் ஒரு பெல்ட் கட்டினோம். அதில் தீப்பெட்டி அளவு மீட்டர் ஒன்று இருக்கும். பிள்ளை எவ்வளவு அசைகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் அது பதிந்துகொள்ளும். ஏழு நாள் கட்டியிருக்க வேண்டும், குளிக்கவும் தூங்கவும் மட்டும் கழற்றலாம். திங்கட்கிழமை பெல்ட் கட்டினோம். புதன்கிழமை பிரேயர் ஹாலில் எடை பார்த்தோம். பிள்ளைகள் ஷூவைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்கள். முப்பத்தைந்து, நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு என்று போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தப் பிள்ளை ஏறினாள். உயரமான பெண், அகலமான தோள். நான் பார்த்துச் சொன்னேன்: "அரவத்தெண்டு பாயிண்ட் நால்க்கு." அறுபத்தெட்டு புள்ளி நான்கு. மஞ்சுநாத் திருப்பிச் சொன்னார். வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்தது. இரண்டாவது முறை ஏறும்போது அவள் கால் நடுங்கியது, எண் மாறிவிட்டது. அதையும் சொன்னேன், அவரும் திருப்பிச் சொன்னார். ஒத்துப்போகவில்லையே, விதி என்று ஒன்று இருக்கிறதே, மூன்றாவது முறை ஏறச் சொன்னேன். மறுபடி அறுபத்தெட்டு புள்ளி நான்கு. ஆக, ஒரு பதின்மூன்று வயசுப் பிள்ளையின் எடையை அவள் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி இரண்டு பேருமாக ஆறு முறை கூவினோம். அன்று சாயங்காலம் என் தாளைப் பார்த்து எனக்கே திருப்தி. ஒரு பிழை இல்லை.

அடுத்த வாரம் பெல்ட்டுகள் திரும்பி வந்தன. மீட்டரில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் இறக்கி, பிள்ளைக்கு ஒரு தாளாக அச்செடுத்து மேடத்தின் மேஜையில் வைப்போம். ஓடினால் கோடு உயரும், உட்கார்ந்தால் தரையோடு கிடக்கும். மேடம் ஸ்கேலை வைத்துக்கொண்டு எல்லாத் தாளையும் தானே பார்ப்பார். பார்த்துக்கொண்டே வந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"ரெஜினாவ்ரே, இத கொஞ்சம் பாருங்க. செவ்வாக்கிழமை, புதன்கிழமை, காலைல பிரேயருக்கு முன்னாடி எவ்ளோ ஒசரமா போகுது. வகுப்புலயே இவ்ளோ ஓடற பொண்ணு வேற இல்ல. புதன் பதினோரு மணிக்கு மேல பாருங்க."

பார்த்தேன். மூன்று முறை மெஷினில் ஏறிய அந்தப் பிள்ளையின் தாள். புதன் பதினோரு மணிக்கு மேல் கோடு எழவே இல்லை. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, எல்லாம் தரை.

"பெல்ட்டக் கழட்டி வச்சிருப்பா மேடம்."

"கழட்டினா கோடே இருக்காது. இதுல சின்னச் சின்னதா அசைவு இருக்குது. கட்டிட்டுத்தான் உக்காந்திருக்கா. ஜுரமா? லீவா?"

"லீவு இல்ல, தினமும் வந்தான்னு டீச்சர் சொன்னாங்க."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

மறுநாள் காலை பாக்கி பெல்ட்டுகளை வாங்கும் சாக்கில் பள்ளிக்குப் போனேன். பிரேயருக்கு முன் மைதானத்தில் பெண்கள் த்ரோபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை சுவரோரப் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது இரண்டு பையன்கள் அவள் எதிரே வந்து நின்றார்கள். ஒருவன் இல்லாத மெஷினைக் குனிந்து பார்த்து, பாட்டு மாதிரி இழுத்து, "அரவத்தெண்டு பாயிண்ட் நால்க்கு!" என்றான். மற்றவன் கனத்த குரலில் அதையே திருப்பிச் சொல்லிக் காற்றில் எழுதினான். விளையாட்டு ஆசிரியர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அந்த இழுவை என் குரல். அந்தக் கனத்த குரல் மஞ்சுநாத். எங்கள் வேலைமுறையை அப்படியே நடித்துக் காட்டினார்கள், தசமப் புள்ளியைக்கூட விடவில்லை. பத்து நாளாக அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் அதுதான் பெயர். பிள்ளைகளை எழுந்து ஓட வைக்க என்ன வழி என்று கண்டுபிடிக்கப் போனவர்கள் நாங்கள். வகுப்பிலேயே அதிகம் ஓடிய பிள்ளையைப் படியில் உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

மேடத்திடம் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். "நாளைலருந்து எந்த ஸ்கூல்லயும் எடை பார்க்க வேணாம். எல்லா டீமுக்கும் சொல்லிடுங்க" என்றார்.

"என் தப்பு மேடம். குரல் என்னோடது."

"விதி நான் எழுதினது" என்றார் மேடம். "ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம். நீங்க போய் அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேளுங்க. ஃபார்ம், பெல்ட் எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க. ஸ்டடிக்கு வான்னு ஒரு வார்த்தை பேசக் கூடாது."

வீடு பள்ளிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அவள் அம்மா கார்மெண்ட்ஸில் வேலை பார்ப்பவர், அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் யாரென்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க மேடம். எடை போட்டுட்டுப் போனீங்களே, இன்னும் என்ன மிச்சம் இருக்குது? நல்லா ஓடி ஆடிட்டு இருந்த பொண்ணு. பத்து நாளா சோத்துத் தட்டக் கண்டா ஓடுது. தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துக்குது. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது. நீங்க எல்லாம் படிச்சவங்கதானே?"

நானும் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தேன். உள்ளே அந்தப் பிள்ளை டிவி முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"உன் எடைய நான் எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னது தப்பும்மா. மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்."

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "உங்க வெயிட் எவ்ளோ?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருஷம் மற்றவர்களை ஏற்றி இறக்கினேனே தவிர, நான் அந்த மெஷினில் ஏறியதில்லை. யாராவது ஏறச் சொன்னால் ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும். "அறுபது இருக்கும்" என்றேன்.

அவள் திரும்பி என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "பொய். மெஷின் எடுத்துட்டு வாங்க. நீங்க ஏறுங்க, நான் பார்த்துச் சொல்றேன். சந்துல வச்சுதான். எல்லாருக்கும் கேக்கணும்."

அவள் அம்மா, "ஏய்!" என்று அதட்டினார். நான் சரி என்றுவிட்டேன்.

மேடத்திடம் அனுமதி கேட்டபோது வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். "போங்க. கல்லு வச்சுச் செக் பண்ணிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். மேடம் அப்படித்தான்.

மறுநாள் சாயங்காலம் சந்தில் ஒரு பலகையைப் போட்டு, ரசமட்டம் வைத்து, கீழே அட்டைத் துண்டுகளைச் செருகிச் சமமாக்கி, அதன் மேல் மெஷினை வைத்தேன். அதற்குள் தண்ணீர் டிரம் பக்கத்தில் பெண்கள் கூடிவிட்டார்கள். சைக்கிளில் வந்தவர் காலை ஊன்றி நின்றார். செருப்பைக் கழற்றி, கைப்பையை இறக்கி வைத்துவிட்டு ஏறினேன். நாற்பத்தைந்து வயசுக்காரிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான் ஏறியிருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அந்தப் பிள்ளை மெஷின் முன் குந்தி உட்கார்ந்தாள்.

"சொல்லும்மா. சத்தமா" என்றேன்.

எண்ணைப் பார்த்தாள். என்னை அண்ணாந்து பார்த்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். "எவ்ளோடீ?" என்று ஒரு குரல் கேட்டது.

"பேனா குடுங்க" என்றாள் என்னிடம்.

கொடுத்தேன். என் கைப்பையிலிருந்த சீட்டு ஒன்றில் எழுதி, நாலாக மடித்து, என் கையில் வைத்து விரல்களை மூடினாள். என் காதருகே வந்து மெதுவாகப் பேசினாள்.

"சொல்ல மாட்டேன்க்கா. சொன்னா உங்களுக்கும் பேரு வச்சிருவாங்க."

அங்கேயே, மெஷின் மேலேயே, அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன். அவள் அம்மா என்னைக் கைப்பிடித்து இறக்கி உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். கிளம்பும்போது அந்தப் பிள்ளை ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள். "ஸ்கூல்ல வந்து இதப் பத்திப் பேசாதீங்க. பேசினா இன்னும் ஜாஸ்தியாயிடும்." பேசவில்லை. மேடம் மட்டும் தலைமை ஆசிரியையைத் தனியாகப் பார்த்து, எந்தப் பிள்ளை என்று சொல்லாமல், விளையாட்டு ஆசிரியர் சிரித்ததைச் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த நாள் காலை நான் அந்தச் சீட்டை மேடத்தின் மேஜையில் விரித்து வைத்து நடந்ததைச் சொன்னேன். மேடம் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பேரும் தனித்தனியா பார்த்து, தனித்தனி சீட்டுல எழுதினா? வாயே திறக்காம?" என்றார். அன்று மத்தியானமே ஆபீஸ் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பழகிப் பார்த்தோம். முதலில் நான் பார்த்து எழுதுவேன், பிறகு மஞ்சுநாத் வந்து பார்த்து எழுதுவார். அப்புறம்தான் இரண்டு சீட்டையும் சேர்த்து வைப்போம். எண் ஒன்றாக இருந்தால் படிவத்தில் ஏறும், இல்லையென்றால் மறுபடி எடை. பிள்ளை எண்ணுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். நடுவில் திரை வேண்டும். தன் எடை தெரிய வேண்டும் என்று பிள்ளையே கேட்டால், சீட்டில் எழுதி அந்தப் பிள்ளையிடம் மட்டும் காட்ட வேண்டும்.

நேரம் கூடுதலாகும் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனது. ஆனால் வேறொன்றும் நடந்தது. பிழை குறைந்துவிட்டது. கூவிய காலத்தில் நான் தப்பாகப் படித்தால் மஞ்சுநாத்தும் அந்தத் தப்பையே அழகாகத் திருப்பிச் சொல்லுவார். இப்போது இரண்டு ஜோடிக் கண்கள் பார்த்தன. பிற ஆய்வுக் குழுக்கள் எங்களிடம் வந்து பார்த்துவிட்டுப் போய் அதே மாதிரி செய்தன. சென்னையிலிருந்துகூட ஒரு குழு வந்தது. அவர்களுக்குச் செய்து காட்டியவள் நான்தான், வாயைத் திறக்காமல். என் முப்பது வருஷத்தில் எதற்காகப் பெருமைப்படுகிறாய் என்று யாராவது கேட்டால், பிழையில்லாத தாள்களைச் சொல்ல மாட்டேன். இதைச் சொல்வேன்.

அந்தப் பிள்ளை சாப்பிட ஆரம்பித்தாளா, மைதானத்துக்குத் திரும்பினாளா, அப்போது எனக்குத் தெரியாது. விசாரிக்க எனக்கு உரிமையும் இல்லை. ஒரு வருஷம் அந்த நினைப்பு முள்ளாகக் கிடந்தது. மறு வருஷம் அதே பிள்ளைகளை மறுபடி அளந்து, கையோடு பெல்ட்டும் கட்டிவிட வேண்டியிருந்தது. வேண்டாம் என்று எந்தப் பிள்ளை சொன்னாலும் காரணம் கேட்காமல் விட்டுவிட வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு. அந்தப் பெயருக்கு நேரே "மறுத்தார்" என்று எழுதத் தயாராகத்தான் போனேன்.

பிரேயர் ஹாலில் நீலத்திரை கட்டியிருந்தோம். வரிசை தீர்ந்துகொண்டே வந்தது, அவளைக் காணவில்லை. கடைசிப் பிள்ளையும் இறங்கி, மஞ்சுநாத் படிவங்களை அடுக்கத் தொடங்கியபோது திரை விலகியது. இன்னும் உயர்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை, முழங்காலில் செம்மண். ஒன்றும் பேசாமல் ஷூவைக் கழற்றிவிட்டு ஏறி, முதுகைக் காட்டி நின்றாள். நான் பார்த்து எழுதினேன். மஞ்சுநாத் பார்த்து எழுதினார். இரண்டும் ஒன்றே.

"உனக்குப் பார்க்கணுமாம்மா?" என்று சீட்டை நீட்டினேன்.

"வேணாம்க்கா. சீக்கிரம் விடுங்க, கேம் பாதில நிக்குது."

அதற்குள் மைதானத்திலிருந்து நாலைந்து குரல்கள் சேர்ந்து அவளைக் கூப்பிட்டன. சர்வீஸ் அவளுடையதாம், எங்கே போய்த் தொலைந்தாள் என்று. அவள் அம்மா வைத்த பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஆய்வில் இருந்த பிள்ளை என்பதால் அந்தப் பெயரை எழுத எனக்கு அனுமதியில்லை. காதில் விழுந்தபோது எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்லலாம். அத்தனை வருஷம் பாடிய எந்தப் பாட்டும் எனக்கு அப்படி இனித்ததில்லை.

"தோ வர்றேன்!" என்று கத்திக்கொண்டு, ஷூவைக்கூட மாட்டாமல், வெறுங்காலோடு ஓடினாள். இடுப்பில் பெல்ட் கட்டவே இல்லை. அன்றைக்கு அவள் ஓடிய அந்த ஓட்டம் எந்த மீட்டரிலும் பதிவாகவில்லை. பெல்ட்டை ஒரு கையிலும் அவள் ஷூவை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, "நில்லும்மா, நில்லு!" என்று நானும் பின்னாலேயே ஓடினேன். அவள் நிற்கவில்லை.